மணலில் விளைந்த பொங்கல் சீர்

வாயை விட்டது நான்தான், அதில் சந்தேகமே இல்லை. மகளுக்குக் கல்யாணம் முடிந்து, மறுவீட்டு விருந்துக்குச் சுங்கை ஆயர் தாவாரில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தோம். வாழை இலையில் இடம் போதவில்லை. அவரைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய் வதக்கல், புடலங்காய்க் கூட்டு, பூசணிக்காய் சாம்பார் என்று ஒன்றுக்கு மேல் ஒன்று. அத்தனையும் வீட்டுக்குப் பின்னால் பறித்தவை. அந்தப் பக்கத்து மண் அப்படி. கறுப்பு மண், களி மண். ஒரு குச்சியை ஊன்றிவிட்டு மறந்துபோனாலும் அது துளிர்விட்டு நிற்கும்.

சாப்பாட்டுக்கு நடுவில் பொங்கல் பேச்சு வந்தது. கல்யாணமான பெண்ணுக்கு முதல் பொங்கல் என்றால் அம்மா வீட்டிலிருந்து சீர் போகவேண்டும். பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, காய்கறி எல்லாம் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சம்பந்தியம்மாள் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"சீருக்கு காய்கறின்னு அலையாதீங்க சம்மந்தி. பானையும் கரும்பும் போதும்லா. காயி இங்கயே கொட்டிக் கெடக்கு. ஒங்க ஊரு மணல்ல என்னா வெளையும், பாவம்."

நல்ல மனத்தோடு சொன்னதுதான். ஆனாலும் அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அது ரசத்தில் கிடந்த மிளகு மாதிரி நேராகத் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. காய் இல்லாமல் சீர் கொண்டுவரும் பழக்கம் எங்கள் பக்கம் இல்லை என்றும், எங்கள் மணலில் விளைந்த காயையே கொண்டுவருகிறேன், கடைக் காய் ஒன்றுகூட இருக்காது என்றும் சொல்லிவிட்டேன். பக்கத்து இலையில் என் வீட்டுக்காரர் சோற்றை உருட்டிய கையை அப்படியே நிறுத்திவிட்டார். அப்பளம் வைத்துக்கொண்டு வந்த மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

காரில் திரும்பும்போது செகிஞ்சான் ஊர் தாண்டும்வரை என் வீட்டுக்காரர் ரேடியோவைத் திருகிக்கொண்டே வந்தார். அப்புறம் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "வாய்க்கு நல்லா உரம் போட்டு வளத்து வச்சிருக்க. மண்ணுக்கு எப்ப போடப் போற?"

எங்கள் தாமான் குடியிருப்பு இருப்பது பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்கு வெளியே, பழைய ஈயச் சுரங்க நிலத்தில். தோண்டி, கழுவி, ஈயத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் மணலை மட்டும் விட்டுப் போனார்கள். அதைச் சமப்படுத்தி வீடு கட்டியிருக்கிறார்கள். வெள்ளை மணல். மத்தியான நேரத்தில் வெறுங்காலோடு இறங்கினால் கடலை வறுக்கும் சட்டியில் கால் வைத்த மாதிரி இருக்கும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால், வாளியைக் கீழே வைப்பதற்குள் ஊற்றிய இடம் தெரியாது. எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டு அக்கா இந்த மண்ணைப் பற்றிச் சொல்வார், "இதுக்கு வயிறே கெடையாதுடி, வெறும் தொண்டதான்." இப்படி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்குப் போதும். ஒரு வாரத்துக்கு அதையே நாக்கில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பேன்.

எங்களுடையது மூலை வீடு. அதனால் பக்கவாட்டில் வேலி வரைக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. அதில் அதுவரை நாங்கள் வளர்த்தது கோரைப்புல் மட்டும்தான். மறுநாளே பட்டணத்துக்குப் போய் விதை வாங்கி வந்துவிட்டேன். கத்தரி, வெண்டை, பயற்றங்காய், பூசணி. மஞ்சள் கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கொடியும் இங்கும் அங்கும் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் எவ்வளவு நிலம் என்று கேட்டபோது, ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவள் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் இருவருக்கும் மண் வேலை புதிதில்லை. இருவருமே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உழைத்தவர்கள். ஆனால் காய்கறி வைத்துப் பழக்கமில்லை. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் தாமாக வளர்ந்தன, நாங்கள் பறித்தோம், அவ்வளவுதான். அவர் புல் வெட்டும் கும்பலில் இருந்தார். அதிலும் வட்டம் வெட்டுவதில் கெட்டிக்காரர். ஒவ்வொரு செம்பனை மரத்தைச் சுற்றியும் ஒரு புல் இல்லாமல் வட்டமாகச் சுத்தம் செய்யவேண்டும். அப்போதுதான் உதிர்ந்த பழம் கண்ணுக்குத் தெரியும், போடுகிற உரம் வேருக்குப் போகும். நான் உரம் போடும் கும்பல். இடுப்பில் பை, கையில் பால் டின். அள்ளி, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் உரம் விசிறி மாதிரி விரிந்து அந்த வட்டத்துக்குள் சரியாக விழும். எத்தனையோ வருடம் அதே சுண்டு.

இப்போது என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

நாற்று நன்றாகவே முளைத்தது. வெயில் தாழ்ந்த நேரமாகப் பார்த்து நட்டோம். மறுநாள் காலையில் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். சருகு, புல், குப்பை எல்லாவற்றையும் வழித்து எறிந்து, ஒவ்வொரு செடியைச் சுற்றியும் வட்டம் வெட்டினார். அழகென்றால் அப்படி ஒரு அழகு. ஒவ்வொரு கத்தரிச் செடியும் தன் வட்டத்துக்கு நடுவில் ராஜா மாதிரி நின்றது. அவர் பின்னாலேயே நான் பால் டின்னோடு போனேன். சின்னச் செடியாயிற்றே என்று அரை டின்தான் எடுத்தேன். மணிக்கட்டைச் சுண்டினேன். கை எதையும் மறக்கவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

நாலைந்து நாளில் இலை ஓரங்கள் சுருண்டன. நெருப்பில் காட்டிய காகிதம் மாதிரி பழுப்பாயின. அவர் குனிந்து பார்த்துவிட்டு, செடிக்குப் பசி, இன்னும் கொஞ்சம் போடு என்றார். போட்டேன். வெண்டை படுத்துவிட்டது.

அன்று மகள் வீடியோ அழைப்பில் வந்தாள். செடிகளைக் காட்டச் சொன்னாள். கிட்டத்தில் வைத்து ஒரே ஓர் இலையைக் காட்டினேன். போனைத் தூரமாகப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்தாள்.

"யம்மா, நீ வச்சிருக்கறது கத்தரிக்காயா, செம்பனையா? அப்பா வட்டம் வெட்டிருக்காரு, நீ உரம் வீசிருக்க. வேல வாங்கற மண்டோரு மட்டுந்தான் பாக்கி, அவரயும் வரச் சொல்லிட வேண்டியதுதானே."

நாங்கள் இருவரும் செடியைப் பார்த்தோம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எனக்கும். செம்பனை எத்தனை டின் போட்டாலும் தின்று செரிக்கும். இந்தப் பிஞ்சுச் செடிக்கு அரை டின் என்றால் கைக்குழந்தைக்கு அண்டாச் சோறு. அதுவும் சருகையெல்லாம் வழித்து, மணலை வெயிலுக்குத் திறந்து காட்டி, வேரை மேலேயும் கீழேயுமாக வேகவைத்திருக்கிறோம்.

சிரித்து முடித்ததும் மகளின் குரல் இறங்கியது. அந்த வீட்டில் சாயங்காலமானால் பேச்சு முழுக்க இலையும் காயும்தானாம். எந்தக் கொடி ஏறியது, எதில் பூச்சி, எது நாளைக்குப் பறிக்கலாம் என்று மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லாரும் பேசுவார்கள். ஆபீஸ் வேலைக்குப் போகிற இவளுக்கு அதில் நுழைய ஒரு வார்த்தை கிடையாது. 'மணல்காட்டுப் பொண்ணு' என்று செல்லமாகக் கேலி செய்வார்களாம். செல்லம்தான், ஆனால் தினமும்.

"நா இங்க எல்லாருக்கிட்டயும் சொல்லிட்டேம்மா, எங்கம்மா அவங்க மண்ணுல வெளஞ்சத கொண்டாருவாங்கன்னு. கொண்டாருவ தானே?"

கொண்டுவருவேன் என்றேன். போனை வைத்த பிறகு எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அதுவரை அது என் வாய்க்கொழுப்பு. இப்போது அவளுடைய வார்த்தை.

செத்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று நிமிர்ந்தார். தோட்டத்தில் ஒரு பிளாக் முழுக்க இதே மாதிரி மணலாக இருந்ததே, அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. குலை! மில்லில் பழத்தை உதிர்த்தபின் மிஞ்சுமே, அந்த வெறுங்குலை. அதை லோரி லோரியாகக் கொண்டுவந்து அந்தப் பிளாக்கில் மட்டும் மரத்தடியில் பரப்புவார்கள். பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மக்கி மண்ணாகும். நாங்களே அதன்மேல் தடுக்கித் தடுக்கி விழுந்திருக்கிறோம்.

அவருடைய கூட்டாளி ஒருவர் மில்லுக்கு லோரி ஓட்டுகிறார். சொன்ன மறுநாள் காலையில் எங்கள் வாசல் கேட்டுக்கு முன்னால் ஒரு லோரிக் குலை கொட்டியிருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. எண்ணெயும் புளிப்பும் கலந்த அந்த வாடை தெரு முழுக்கப் போய்விட்டது. எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா, நாங்கள் 'காக்' என்று கூப்பிடுவோம், முக்காட்டுத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, வீட்டிலேயே மில் திறக்கப் போகிறீர்களா என்று விசாரித்தார். இல்லை, சம்பந்தி வீட்டுக்குச் சீர் என்றேன். அவர் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதையா கொண்டுபோகப் போகிறீர்கள் என்று கேட்டார். விளக்கிச் சொல்லிப் புரியவைப்பதற்குள் குலை ஆறிவிட்டது.

மணலில் வாய்க்கால் மாதிரி பள்ளம் தோண்டினோம். தோண்டத் தோண்ட ஓரம் சரிந்து உள்ளே விழுந்தது. குலையை அடுக்கி, கோழி எரு போட்டு, மணலால் பாதி மூடினோம். கையுறையையும் தாண்டி முள் குத்தியது. மேலே இன்னொரு வரிசைக் குலை, நடுவில் இடம்விட்டுச் செடி. சூடு அடங்கும்வரை காத்திருந்து புது நாற்றை நட்டோம். இதில் அவருக்குத்தான் பெரிய சோதனை. செடியைச் சுற்றிக் குப்பையும் குலையுமாகக் கிடக்கிறது, அதைத் தொடக்கூடாது. மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்று பார்ப்பார். கை அரிப்பது முகத்திலேயே தெரியும். எனக்கும் சோதனைதான். பால் டின்னை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டு, காப்பி கலக்கும் கரண்டியில் உரம் அளந்து, தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். வாரம் ஒரு தரம், கரண்டி நுனியில் எடுத்ததுதான். உரம் போடுகிற மாதிரியே இல்லை, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி இருந்தது.

ஒரு நாள் காலையில் தண்ணீர் ஊற்றப் போனவள் கத்திவிட்டேன். பாம்பு என்று நினைத்து அவர் கழியோடு ஓடிவந்தார். பாம்பு இல்லை, காளான். குலைக்கு நடுவிலிருந்து சாம்பல் நிறத்தில், காடை முட்டை மாதிரி கும்பல் கும்பலாகத் தலை நீட்டியிருந்தது. தோட்டத்தில் இருந்தபோது மில் பக்கத்துக் குவியலில் நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு பறித்த அதே காளான். விதைக்காத விளைச்சல். வயிறே இல்லை என்று பேர் வாங்கிய மண் முதன்முதலாக எங்களுக்குச் சோறு போட்டது. மிளகாய் அரைத்துப் போட்டு வதக்கினேன். எதிர்வீட்டு காக்குக்கு ஒரு கிண்ணம் போனது. கிண்ணம் திரும்பி வந்தபோது அதில் குய்யே, அவர் கையால் செய்த பலகாரம், இருந்தது. அதற்குப் பிறகு அவர் மூக்கைப் பொத்தவில்லை. அடுத்த மழை எப்போது, அடுத்த காளான் எப்போது என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் நடந்ததைச் சொல்வதற்கு எனக்கு வாய் போதாது. ஒரு குலையை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். நாருக்குள் நாராக வெள்ளை வேர் ஓடியிருந்தது. கத்தரிச் செடி தண்டு பருத்து, பூ விட்டது. பயறு காலையில் பார்த்த இடத்தில் சாயங்காலம் இல்லை, கயிற்றைப் பிடித்து மேலே போய்விட்டிருந்தது. பூசணி வேலியைத் தாண்டி ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தது. பல் விளக்குவதற்கு முன்னால் நான் செடிக்கு ஓடுவேன். எனக்கு முன்னால் அவர் அங்கே நிற்பார். முதல் கத்தரிப் பிஞ்சு என் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தபோதே படம் எடுத்து மகளுக்கு அனுப்பினோம். அதை அவள் எல்லாருக்கும் காட்டினாளாம். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, பிஞ்சு நன்றாக இருக்கிறது என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் குரலில் இருந்த துள்ளலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

வருடக் கடைசி மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. எங்கள் மணல் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. ஓரங்கள் அரித்தன, ஆனால் குலை அடுக்கிய இடம் அசையவில்லை. ஒரு நாள் மகள் கூப்பிட்டாள். இந்தத் தடவை முகம் காட்டவில்லை, குரல் மட்டும்தான். அங்கே வீட்டுக்குப் பின்னால் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறதாம். களி மண், இறங்குவதற்கு வழியில்லை. கத்தரி வேர் அழுகித் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. அவரைக்கொடி மஞ்சளாகிவிட்டது. சம்பந்தியம்மாள் பின்பக்கக் கதவைத் திறப்பதே இல்லையாம். ஒவ்வொரு பொங்கலுக்கும் தெருவில் இருக்கிற மலாய் வீடு, சீன வீடு, நம்மவர் வீடு எல்லாவற்றுக்கும் அவர் கையால் காய் போகுமாம். இந்த வருடம் கடையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று மாமனாரிடம் கேட்டாராம். கேட்டுவிட்டு அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் யோசனையில் ஆழ்ந்துவிட்டார். இந்த நேரத்தில் கூடை கூடையாகக் காயைக் கொண்டுபோய் இறக்கினால் குத்திக்காட்டுவது மாதிரி ஆகாதா என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். கரும்பும் பானையும் கொண்டுபோய், காயைக் கொஞ்சமாக, பேருக்கு வைக்கலாம் என்று மகளிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"கொண்டாம்மா. எவ்ளோ இருக்கோ அவ்ளோவும் கொண்டா. அத்தைய எனக்குத் தெரியும்."

அங்கே போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, 'அத்தையை எனக்குத் தெரியும்' என்கிறாள். கூடைகளைத் தேடி எடுத்து வைத்தேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் விடிந்ததும் பறித்தோம். கத்தரி கருநீலத்தில் பளபளவென்று. பயறு முழ நீளத்தில் கட்டுக் கட்டாக. சர்க்கரைவள்ளியைக் கொடியைப் பிடித்துத் தூக்கினால் போதும், மணல் உதிர்ந்து, கிழங்கு குளித்துவிட்டு வந்த மாதிரி வெளியே வந்தது. மஞ்சளும் அப்படியே, இலையோடும் இளங்கிழங்கோடும், ஒரு விரல்கூட ஒடியவில்லை. பூசணிக்காயை அவர் பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கிவந்தார். காரின் பின்பெட்டி நிறைந்து, பின் சீட்டு நிறைந்து, நான் மடியில் ஒரு பேசின் பாத்திரத்தோடு உட்கார்ந்தேன். கரும்பும் மஞ்சள் இலையும் ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டு வந்தன. தஞ்சோங் காராங் சாலைச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் பயற்றங்காய் என்ன விலை என்று கேட்டார். விற்பதற்கில்லை என்று சொல்லும்போது எனக்கு எத்தனை பெருமை!

சுங்கை ஆயர் தாவார் போய்ச் சேர்ந்தோம். தாம்பாளங்களை எடுத்துக் கொடுத்து, குங்குமம் வைத்து, முறைப்படி எல்லாம் ஆனது. அப்புறம் காய்களை இறக்கினோம். வாசல் பக்கத்துத் தரை முழுவதும் நிறைந்துவிட்டது. மகள் கதவோரம் நின்றுகொண்டு மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பந்தியம்மாள் காய்களுக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஒரு கத்தரிக்காயை எடுத்துக் காம்பை அழுத்திப் பார்த்தார், முகர்ந்தார். ஒரு கிழங்கைப் புடவைத் தலைப்பால் துடைக்கப் போய், துடைக்க எதுவும் இல்லை என்று கண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நெசமாவே மணல்ல வந்ததா, சம்மந்தி?"

மணல்தான், குலையைப் போட்டு வளர்த்தது என்றேன். வழியெல்லாம் எதையெதையோ சொல்லப் பழகிக்கொண்டு வந்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, உருண்டுபோன ஒரு கிழங்கை எடுத்து அவர் பக்கம் வைத்தேன். அவர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். காய்களை வகை வகையாகப் பிரித்துச் சின்னச் சின்னப் பங்காக வைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பங்கிலும் ரெண்டு கத்தரி, ஒரு பிடி பயறு, ஒரு கிழங்கு. எதற்கென்று எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் தலையைத் திருப்பாமலே மகளைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, பெரிய பேசின எடுத்தா. வரிசையா எல்லா வூட்டுக்கும் குடுத்துட்டு வா. நம்ம வூட்டு காயின்னு சொல்லாத. எங்கம்மா வூட்டு காயி, மணல்ல வெளஞ்சதுன்னு சொல்லிக் குடு."

மகள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பு மாட்டாமலே இறங்கிவிட்டாள். நானும் சம்பந்தியம்மாளும் அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அந்தக் குலை ஒரு லோரி இந்தப் பக்கம் வருமா, களி மண்ணை அது கொஞ்சம் பொலபொலப்பாக்குமா என்று சம்பந்தியம்மாள் கேட்டார். மேடாகப் பாத்தி எடுத்து, குலையை மேலே பரப்பினால் ஆகும் என்று என் வீட்டுக்காரர் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். வட்டம் மட்டும் வெட்டவேண்டாம் என்றேன் நான். அவர் என்னை முறைத்தார்.

அந்த நேரத்தில் தெருவில் மகளின் குரல் கேட்டது. மூன்று நாலு வீடு தள்ளி யாரோ, மணலில் எப்படி இப்படி விளையும் என்று கேட்டிருக்கிறார்கள். பள்ளம் எப்படித் தோண்டுவது, குலையை எப்படி அடுக்குவது, உரம் ஏன் கரண்டியில்தான் போடவேண்டும், சூடு அடங்குவதற்குள் நட்டால் வேர் என்ன ஆகும் என்று மலாயிலும் தமிழிலும் மாற்றி மாற்றி, சத்தமாக, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மணலில் ஒரு நாள்கூட அவள் இறங்கியதில்லை. சம்பந்தியம்மாள் கத்தரிக்காயை நறுக்குவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"யாரு பேசறா, நம்ம பொண்ணா?" என்றார்.